ஏழாம் நம்பர் வால்வும் நாலாயிரம் கோழிகளும்

அந்த வீட்டில் பதினொரு வருஷமாகப் புருஷன் பெண்டாட்டி பேச்செல்லாம் சுவர்க்கடிகாரத்தின் மூலமாகத்தான் நடந்தது.

"கடிகாரமே, உப்பு தீந்துபோச்சு" என்பாள் அவள், கூடத்தில் நின்றுகொண்டு. பின்கட்டில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும் அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, அதே கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, "சாயங்காலம் வாங்கிட்டு வரேன்னு சொல்லிடு" என்பார். கடிகாரம் யார் பக்கமும் சாயாது. டிக் டிக்கென்று தன் வேலையைப் பார்க்கும். இரண்டு பேருக்கும் அதன் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை.

அவர் நாடகக் கொட்டகையில் விளக்கு இயக்குபவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'லைட்டு'. அவள் அதே கொட்டகையில் இருபத்து நாலு வருஷமாக ஒரே நாடகத்தில் ராணி. ஞாயிறு தவறாமல் நாலு மணிக்குத் திரை ஏறும். ஆறு மணிக்கு விஷம் குடித்துச் சாவாள். திங்கட்கிழமை காலை எழுந்து துணி துவைப்பாள்.

அவர்கள் கல்யாணமே விளக்கால் நடந்ததுதான். முதல் ஒத்திகையில், இருபது வயதுப் பெண்ணாக மேடையில் நின்றவள் நெற்றியில் கை வைத்து மறைத்துக்கொண்டு, "யாருங்க அங்க? கண்ணு கூசுது, கொஞ்சம் குறைங்க" என்றாள். அவர் குறைத்தார். "இன்னும் கொஞ்சம்." இன்னும் குறைத்தார். "இப்ப சரி" என்று அவள் சிரித்த அந்தச் சிரிப்பு, பாவம், ஒரு மனுஷனின் ஆயுசையே எழுதி வாங்கிக்கொண்டது.

பிறகு ஏன் பேச்சு நின்றது? கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் எந்த வீட்டுச் சண்டையின் வேரும் தோண்டிப் பார்த்தால் இந்த அளவுதான் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கத்தைவிட உருக்கமாகச் செத்துவிட்டு வந்த அவள், முகத்துப் பூச்சைத் துடைத்தபடி, "ஏங்க, இன்னைக்கு நான் எப்படி இருந்தேன்?" என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "வெளிச்சம் நல்லா இருந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான். "அப்ப இனிமே உங்க வெளிச்சத்தோடயே குடும்பம் நடத்துங்க" என்றாள். அதுதான் அவரிடம் அவள் நேராகப் பேசிய கடைசி வார்த்தை.

இனி அந்த விளக்குப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆள் உயரத்துக்கு இரும்பு பீரோ மாதிரி ஒரு பெட்டி. முன்னால் பன்னிரண்டு பிடிகள். ஒவ்வொரு பிடிக்கும் பின்னால் ஒரு கண்ணாடி வால்வு, பழைய ரேடியோவுக்குள் இருப்பது போல, ஒரு சாண் உயரத்தில். பிடியை மேலே தள்ளினால் வால்வு கத்தரிப்பூ நிறத்தில் ஒளிரும். மேடை விளக்கு மெல்லப் பிரகாசமாகும். கீழே இறக்கினால் மெல்ல மங்கும். சூரியன் உதிக்க ஒரு பிடி, நிலவு காய ஒரு பிடி, அரண்மனைக்கு நாலு. ஏழாவது பிடி ராணியின் சாவுக்கு. "இருட்டே, வா. உனக்கு நான் பயப்படவில்லை" என்று அவள் சொன்னதும் அவர் அதை இறக்க ஆரம்பிப்பார். சரியாக நாற்பது செகண்டு. அந்த ஒற்றை விளக்கு அவள் முகத்திலிருந்து வடிந்து வடிந்து, கடைசியில் விரல் நுனியில் நின்று, அணையும். கொட்டகையில் மூக்கு உறிஞ்சாத ஆள் கிடையாது.

பேச்சு நின்ற பிறகு அந்த நாற்பது செகண்டுதான் அவர் அவளுக்கு எழுதிய கடிதம். அவளுக்கு உடம்பு சரியில்லாத வாரம் நாற்பத்தைந்து செகண்டு கொடுப்பார். அவள் அம்மா காலமான வாரம் ஒரு நிமிஷம் கொடுத்தார். ராஜா வேஷக்காரர் அழுது முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கிரீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை, வீட்டில் கடிகாரத்திடம் அவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டாள் என்பதற்காக, முப்பத்தெட்டில் அணைத்தார். அதற்காக அவரே மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வால்வு என்பது மனுஷனைப் போலத்தான். இரண்டு வருஷம் உழைத்தால் தளர்ந்துவிடும். செய்த கம்பெனியோ எப்போதோ செய்வதை நிறுத்திவிட்டது. ஏழாம் நம்பர் வால்வு முதல் தடவை தளர்ந்தபோது, அவர் யாருக்கும் தெரியாமல் பன்னிரண்டிலிருந்து கழற்றி ஏழில் போட்டார். பன்னிரண்டாவது பிடிக்குச் சாதாரண சுவிட்சைப் பொருத்தினார். அடுத்தது பதினொன்று. அப்புறம் பத்து. இப்படியே நிலவு போயிற்று, சூரியன் போயிற்று, அரண்மனை போயிற்று. இருபத்து மூன்று வருஷத்தில் பதினொரு பிடிகளும் வெறும் சுவிட்சாகிவிட்டன. அந்த நாடகத்தில் சூரியன் உதிப்பது குளியலறை விளக்கைப் போட்டது போல இருக்கும். நிலவு 'டக்'கென்று வந்து நிற்கும்.

"என்ன லைட்டு, நிலா இப்படிக் குதிக்குது?" என்று டைரக்டர் ஒரு தடவை கேட்டார்.

"நவீனம் சார்" என்றார் அவர்.

டைரக்டர் தாடையைத் தடவிக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு பத்திரிகைக்காரர், 'சட்டென்று உதிக்கும் நிலவு நம்மை உலுக்குகிறது' என்று எழுதிவைத்தார். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

ஆனால் விதி சும்மா இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி. "இருட்டே, வா" என்றாள் ராணி. அவர் பிடியை இறக்கினார். ஆறாவது செகண்டில் வால்வு இரண்டு தடவை கண் சிமிட்டியது. செத்துப்போனது. மேடை கும்மிருட்டு.

"ஃபியூஸ் போச்சுடா!" என்று ஒரு குரல். இருட்டில் ராணி எழுந்து உள்ளே போகப் பார்த்திருக்கிறாள். சிம்மாசனத்தில் முட்டி இடித்துக்கொண்டாள். பதறிப்போன அவர் பிடியை மேலே தள்ளினார். வால்வுக்கு என்ன தோன்றியதோ, முழு உயிரோடு எரிந்தது. விஷம் குடித்துச் செத்த ராணி, ஒற்றைக் காலில் நின்று, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, "ஸ்ஸ்... அம்மா" என்று சொல்வதை முந்நூறு பேர் பார்த்தார்கள். கைதட்டல் ஓய ஐந்து நிமிஷம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அவள் கூடத்தில் நின்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"கடிகாரமே, இந்த மனுஷன்கிட்ட நான் நகை கேட்டேனா? நட்டு கேட்டேனா? வாரத்துக்கு நாப்பது செகண்டு கேட்டேன். அதைக்கூட ஆறு செகண்டுல முடிச்சிட்டாரு. என்னை நிம்மதியா சாகக்கூட விடலை. நான் தம்பி வீட்டுக்குப் போறேன். என் நாப்பது செகண்டு திரும்பக் கிடைச்சா சொல்லி அனுப்பச் சொல்லு."

"வேணும்னு பண்ணலை, வால்வு போச்சுன்னு சொல்லு" என்று அவர் ஆரம்பிப்பதற்குள், அவள் நாற்காலியில் ஏறிக் கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றி, பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சுவரில் வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் மிஞ்சியது. அவர் அதைப் பார்த்து ஒரு தடவை பேசிப் பார்த்தார். சரிவரவில்லை.

அடுத்த ஞாயிறு ராணி வரவில்லை. மேடையில் ராஜா வேஷக்காரர் வேறு வழியில்லாமல், "அமைச்சரே, மகாராணி தன் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள்" என்று அறிவித்து, அந்த விஷத்தைத் தானே குடிக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு திரையை இறக்கச் சொன்னார்.

அவர் வால்வு தேடிக் கிளம்பினார்.

முதலில் பழைய சாமான் கடைவீதி. அங்கே மூன்று தெரு முழுக்கச் செத்துப்போன ரேடியோக்கள். ஒரு கடைக்காரர் அவர் காட்டிய படத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தூசி தட்டிக்கொண்டு வந்தார்.

"இதான் சார் அது. ஒரிஜினல்."

"அண்ணே, இது இருமல் மருந்து பாட்டில்."

"அடில ரெண்டு கம்பி வெச்சுக் குடுத்தா?"

"உள்ள மருந்து இருக்குண்ணே."

"அப்ப இருமலுக்கும் ஆச்சு" என்றார் கடைக்காரர், கொஞ்சமும் அசராமல்.

பிறகு வால்வைச் செய்த கம்பெனிக்கே கடிதம் எழுதினார். மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தில் மனைவி தம்பி வீட்டில் இருப்பதையும் குறிப்பிட்டிருந்தார். பத்தாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் கடிதம் எங்கள் அலுவலகத்தில் அனைவரையும் கண்கலங்க வைத்தது. நாங்கள் வால்வு செய்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. தற்போது ஷூ லேஸ் செய்கிறோம். தங்கள் இல்லறம் சீர்பட வாழ்த்துகிறோம்.' உள்ளே ஒரு ஜோடி ஷூ லேஸ் இருந்தது. பழுப்பு நிறம். அவர் செருப்புப் போடுகிறவர்.

கடைசியில் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்: 'தேவை: கத்தரிப்பூ நிறத்தில் எரியும் கண்ணாடி வால்வு, ஒரு சாண். அவசரம்.' ஒருவர் மீன்தொட்டி விளக்கோடு வந்தார். ஒருவர் தன்னிடம் இல்லை, கிடைத்தால் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். எதற்கென்று கேட்டதற்குப் பதில் இல்லை. மூன்றாவதாக ஒரு தபால் கார்டு வந்தது. அதில் இரண்டே வரி.

'நீங்கள் கேட்கும் சாமான் என்னிடம் ஒன்று இருக்கிறது. தர முடியாது என்பதைத் தெரிவித்துக்கொள்ளவே இந்தக் கடிதம்.'

அவர் ஸ்கூட்டரை எடுத்தார்.

ஊருக்கு வெளியே ஐந்தாவது மைலில் ஒரு கோழிப்பண்ணை. நீளமான கொட்டகை, ஒரு ஜன்னல்கூட இல்லை. கதவைத் திறந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். உதட்டில் விரலை வைத்து, "மெதுவா. இப்பத்தான் விடியப் போகுது" என்று கிசுகிசுத்தார்.

மணி காலை பத்து. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

"இன்னுமா விடியலை?"

"இதுங்களுக்கு நான் சொல்றப்பதான் விடியும். பத்து மணிக்கு விடியணும், ஆறு மணிக்குப் பொழுது சாயணும். எட்டு மணி நேரத்துக்கு மேல வெளிச்சம் பட்டா பிஞ்சுலயே முட்டைக்கு வந்துடும், உடம்பு தாங்காது. சும்மா சுவிட்சைப் போட்டு அணைச்சா மிரண்டு ஒரே மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூச்சு முட்டிச் செத்துடும். பையப் பைய விடியணும். பையப் பையச் சாயணும்."

இருபது வருஷம் கோழிகளுக்கு நடுவில் இருந்ததால் அந்த அம்மாளுக்குக் கிசுகிசுப்பதைத் தவிர வேறு குரலே இல்லாமல் போயிருந்தது. சந்தையில் பேரம் பேசினால்கூட ரகசியம் சொல்வது போலத்தான் இருக்குமாம்.

மூலையில் அந்தப் பெட்டி நின்றது. அவருடைய பெட்டியின் தங்கச்சி. மூடிப்போன ஏதோ ஒரு நாடகக் கொட்டகையிலிருந்து அம்மாளின் காலஞ்சென்ற கணவர் வாங்கி வந்ததாம். ஒரே ஒரு பிடிதான் உயிரோடு இருந்தது. அம்மாள் அதை மெல்ல மேலே தள்ளினார். கத்தரிப்பூ நிறம் மலர்ந்தது. நாற்பது பல்புகளும் ஒன்றாகச் சிவந்து, மஞ்சளாகி, வெளுத்தன. நாலாயிரம் இளங்கோழிகள் ஒரு சேரக் கண் விழித்து, இவரைப் பார்த்தன.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. இருபது வருஷமாகிறது அவர் ஒரு ஒழுங்கான சூரியோதயம் பார்த்து.

கதை முழுவதையும் அம்மாளிடம் கொட்டினார். கடிகாரம் முதல் ஷூ லேஸ் வரை. அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு, "மனசு கரையுதுய்யா. ஆனா நாலாயிரம் உசிரு. உங்க ராணி ஞாயித்துக்கிழமை செத்தா திங்கக்கிழமை எந்திரிச்சிடுவாங்க. இதுங்க எந்திரிக்காது" என்றார்.

அவர் பல்புகளை எண்ணினார். கைக்கு எட்டாத உயரத்தில், இரண்டு வரிசை, வரிசைக்கு இருபது.

"அம்மா, வால்வைக் குடுங்க. இதுங்களுக்கு நான் விடியவைக்கிறேன்."

"எதை வெச்சு?"

"கையை வெச்சு."

அன்று முதல் நாலாயிரம் கோழிகளுக்கு அவரே சூரியன். காலை பத்து மணிக்கு ஸ்டூலில் ஏறி, நிமிஷத்துக்கு ஒரு பல்பாகத் திருகுவார். பத்து நாற்பதுக்கு முழுப் பகல். மாலை ஐந்து இருபதுக்குத் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒன்றாகத் தளர்த்துவார். ஆறு மணிக்கு இரவு. வால்வைப் பஞ்சில் பொதிந்து, பெட்டியை அந்த ஷூ லேஸாலேயே கட்டி, கொட்டகைக்குக் கொண்டுபோய் ஏழாம் நம்பரில் போட்டார். எரிந்தது. இறக்கினார். நாற்பது செகண்டு, ஒரு சிமிட்டல் இல்லை.

ஆனால் சொல்லி அனுப்பக் கடிகாரம் இல்லையே! மச்சானைத்தான் பிடிக்க வேண்டும். சலவைக்கடை வைத்திருக்கும் மச்சானே அந்த வாரம் வந்து சேர்ந்தான். வந்தவன் நேரே வீட்டுக்கு வராமல் இரண்டு நாள் அவரைப் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு வந்தான்.

"மாமா, அக்காவை முதல்ல கூட்டிட்டுப் போங்க. சாப்பிடறப்பக்கூடக் கடிகாரத்தைப் பக்கத்துல வெச்சுக்கிறா. என் பொண்டாட்டி பயந்துபோய் அதுக்கும் ஒரு தட்டு போட்டுட்டா."

"போய்ச் சொல்லு மச்சான். நாப்பது செகண்டு கிடைச்சிடுச்சுன்னு சொல்லு."

மச்சான் போய்ச் சொன்னான். ஆனால் எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று தெரியாத ஜாதி அவன். சட்டையை எண்ணி வேட்டியைத் தொலைப்பவன். "அக்கா, மாமா தினம் ரெண்டு வேளை ஊருக்கு வெளிய ஒரு அம்மா இடத்துக்குப் போறாரு. அந்தம்மா அவரு காதுல கிசுகிசுன்னு பேசுது. வரப்ப சட்டை முழுக்க இறகு" என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மாலை ஐந்தரை. பண்ணைக் கதவு படாரென்று திறந்தது. வாசலில் அவள், கையில் கடிகாரத்தோடு. சாட்சிக்குக் கொண்டுவந்திருந்தாள். உள்ளே ஸ்டூல் மேல் அவர், பத்தாவது பல்பில் கை வைத்தபடி. நாலாயிரம் கழுத்துகள் ஒன்றாக நிமிர்ந்தன.

அம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு விரைந்து வந்து அவள் வாயைப் பொத்தினார். "தாயே, சத்தம் போட்டுடாதே. ஒண்ணு மிரண்டா எல்லாம் போயிடும். என்ன திட்டணுமோ கிசுகிசுன்னு திட்டிக்கோ."

இருபத்து நாலு வருஷம் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி அழுதவள் அவள். கிசுகிசுத்துச் சண்டை போடுவது அவளுக்கு எவ்வளவு பெரிய தண்டனை! ஆனாலும் போட்டாள். கடிகாரத்தை மறந்தாள். பதினொரு வருஷத்துக்குப் பிறகு நேராக அவர் முகத்தைப் பார்த்து, காற்றை மட்டும் வைத்துக்கொண்டு சீறினாள்.

"யாரு இவங்க?"

"கோழிக்காரம்மா." அவரும் கிசுகிசுத்தார். பதினொன்றாவது பல்பைத் தளர்த்தினார்.

"நான் கேக்கறப்ப கையில என்ன வேலை?"

"நிறுத்த முடியாது. பொழுது சாயுது."

"யாருக்கு?"

"இதுங்களுக்கு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். அவர் ஸ்டூலை நகர்த்தினார், அவளும் கூடவே நகர்ந்தாள். பன்னிரண்டு.

"ஆக, இந்தக் கோழிங்களுக்கு நாப்பது நிமிஷம். எனக்கு ஆறு செகண்டு."

"இதுங்க வால்வைப் பிடுங்கித்தான் ஏழுல போட்டிருக்கேன். அதுக்கு ஈடாத்தான் இந்த வேலை."

"ஏன், கொட்டகையில வேற வால்வு இல்லையா? மத்த பதினொண்ணு என்ன ஆச்சு?"

அவர் அடுத்த பல்புக்குப் போனார். பதின்மூன்று. பதினான்கு. அம்மாள்தான் தாங்க மாட்டாமல், இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நுழைத்து, "எல்லாத்தையும் உனக்கே போட்டுட்டாரு தாயி. சூரியன், சந்திரன், அரண்மனை, எல்லாம். உன் ஒருத்தி சாவுக்கு" என்றார்.

அவள் அப்படியே நின்றாள். இருபத்தோராவது பல்பு வரை, அணைகிற ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்தாள். பிறகு மிக மெல்ல, "அதனாலதான் நிலா டக்குன்னு வருதா?" என்றாள்.

"ம்."

"நவீனம்னு சொன்னீங்களாமே."

"பின்ன என்னன்னு சொல்றது?"

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இருட்டிக்கொண்டு வந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. நாற்பதாவது பல்பு அணையும் வரை நின்றிருந்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை வரேன். ஆனா இதை நான் மன்னிச்சேன்னு நினைச்சுக்காதீங்க. அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரலை" என்று இருட்டுக்குள்ளிருந்து கிசுகிசுத்துவிட்டுப் போய்விட்டாள்.

எந்தக் கேள்வி என்று அவருக்குத் தெரியும். அந்தப் பதிலைச் சொல்லத்தான் பதினொரு வருஷமாகப் பயம்.

வெள்ளிக்கிழமைதான் அடுத்த சிக்கல் உறைத்தது. ராணி சாவது ஆறு மணிக்கு. கோழிகளுக்குப் பொழுது சாய ஆரம்பிப்பது ஐந்து இருபதுக்கு. நடுவில் ஐந்து மைல். கோழிக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. அம்மாளுக்கோ மூட்டு வலி. ஸ்டூல் ஏற முடியாது. மச்சானை நம்பி விடலாமா என்று யோசித்தார். நாலாயிரம் உயிரை நினைத்து அந்த யோசனையைக் கைவிட்டார். விஷயம் ராணி காதுக்குப் போயிற்று. ராணி நேராக டைரக்டரிடம் போனாள்.

"சார், நான் இந்த வாரம் நாலே முக்காலுக்குச் சாகறேன்."

டைரக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நாலே முக்காலுக்கு உனக்குக் கல்யாணமே ஆகலை. சுயம்வரம் நடந்துட்டிருக்கும்."

"சுயம்வரத்துலயே விஷம் குடிச்சிடறேன்."

"அப்புறம் ஒண்ணேகால் மணி நேரம் நாடகம் என்ன பண்ணும்?"

"ராஜா அழட்டும். இத்தனை வருஷமா நாப்பது செகண்டுல முடிச்சிட்டிருக்காரே, நிம்மதியா அழட்டும்."

"லைட்டு போயிட்டா விளக்கை யாரு பாக்கறது?"

"மத்ததெல்லாம் வெறும் சுவிட்சுதான் சார்" என்றாள் ராணி. "நீங்களே போடலாம். நவீனமா இருக்கும்."

அப்படியே நடந்தது. ஞாயிறு நாலே முக்காலுக்கு, மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அரசகுமாரர்கள் வரிசையாக நிற்க, மணப்பெண் யாரும் எதிர்பாராமல் கோப்பையை எடுத்துக் குடித்தாள். "இருட்டே, வா. உனக்கு நான் பயப்படவில்லை." அவர் ஏழாவது பிடியை இறக்கினார். ஐம்பது செகண்டு. கத்தரிப்பூ நிறம் ஒரு நூல் போல மெலிந்து, நின்று, போயிற்று. கொட்டகையே விசும்பியது. ராஜா வேஷக்காரர், இன்னும் பரிச்சயமே ஆகாத ஒரு பெண்ணுக்காகத் தன் வாழ்நாளின் மிக நீண்ட அழுகையை ஆரம்பித்தார்.

பின்வாசலில் ஸ்கூட்டர் தயாராக நின்றது. அவர் உதைத்துக் கிளப்பும்போது பின் இருக்கை அமுங்கியது. திரும்பிப் பார்த்தார். பட்டும் கிரீடமும் சாவுப் பூச்சுமாக ராணி.

"என்ன பாக்கறீங்க? நாப்பது பல்பு. ஆளுக்கு ஒரு வரிசை. ஓட்டுங்க."

செத்துப்போன ராணியைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒருவர் ஸ்கூட்டரில் பறந்ததை அன்று வழியில் பார்த்தவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்தப் போனவர், கிரீடத்தைப் பார்த்து, நிறுத்தாமல் சல்யூட் அடித்துவிட்டார்.

ஐந்து இருபதுக்கு இருவரும் ஸ்டூல் ஏறினார்கள். அவள் ஒன்று, அவர் ஒன்று. மாற்றி மாற்றி. கோழிகள் கிரீடத்தைக் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று தலையைத் தொங்கப்போட ஆரம்பித்தன. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு முப்பத்தொன்பதாவது பல்பு அணைந்தது. கடைசிப் பல்பு அவருடையது. அதில் கை வைத்தார்.

அப்போதுதான் அவள் கேட்டாள். அதே வார்த்தை.

"ஏங்க, இன்னைக்கு நான் எப்படி இருந்தேன்?"

பொய் சொல்லலாம். அற்புதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பொய்யைச் சொல்லத் தெரியாமல்தானே இவ்வளவும்!

"தெரியாது" என்றார்.

"என்ன தெரியாது?"

"நான் பார்த்ததில்லை. நீ செத்து நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கீழ இறக்கறப்ப வால்வையேதான் பாக்கணும். நிறம் ஒரு பொட்டு குறைஞ்சா சிமிட்டிடும். நீ வசனம் சொல்றதைக் கேப்பேன், பிடியை இறக்குவேன், நிமிர்ந்து பாக்கறப்ப இருட்டா இருக்கும். இருபத்து நாலு வருஷமா அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்சது வெளிச்சம் ஒண்ணுதான். அதைத்தான் அன்னைக்குச் சொன்னேன்."

ஒரு கோழி தூக்கத்தில் முனகியது.

"அப்ப, விழறப்ப என் வலது கை எந்தப் பக்கம் நீளும்னு தெரியாதா?"

"தெரியாது."

"உங்க பக்கம்" என்றாள் அவள். "பேச்சு நின்ன வாரத்துல இருந்து, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், உங்க பெட்டி இருக்கிற பக்கம். டைரக்டர் மாத்தச் சொன்னாரு. மாட்டேன்னுட்டேன். நீங்க பாத்துட்டுத்தான் சும்மா இருக்கீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்."

அவர் ஸ்டூலிலிருந்து இறங்க மறந்து நின்றார். பதினொரு வருஷம். ஐந்நூறுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகள். அத்தனை பதிலும் அவர் தலை குனிந்திருந்தபோது வந்து, படிக்கப்படாமலே இருட்டில் போயிருக்கிறது.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கிக் கிரீடத்தைச் சரி செய்துகொண்டாள். தவிட்டு மூட்டைகளை ஓரமாகத் தள்ளினாள். இரண்டு கோழிகளைக் காலால் மெல்ல ஒதுக்கினாள். அந்த ஒற்றைப் பல்புக்குக் கீழே வந்து நின்று, மூச்சை இழுத்து, கோழிகள் விழித்துக்கொள்ளாத அளவுக்கு, ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, கிசுகிசுத்தாள்.

"இருட்டே, வா. உனக்கு நான் பயப்படவில்லை."

அவள் சரிந்தாள். முழங்கால், இடுப்பு, தோள், ஒவ்வொன்றாக. வலது கை நீண்டு, ஸ்டூலின் காலைத் தொட்டு நின்றது.

ஆறு மணி அடித்துவிட்டது. அவர் கை பல்பின் மேலேயே இருந்தது. திருகவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"விளக்கை அணைங்கய்யா" என்று கதவருகிலிருந்து அம்மாள் கிசுகிசுத்தார். "பொழுது போயிடுச்சு."

"ஒரு நிமிஷம்மா" என்றார் அவர். "இப்பத்தான் பாக்கறேன்."

செத்துக் கிடந்த ராணி, கண்ணைத் திறக்காமல், உதட்டை மட்டும் அசைத்தாள்.

"வெளிச்சம் கண்ணு கூசுது. கொஞ்சம் குறைங்க."

அன்று நாலாயிரம் கோழிகளுக்குப் பொழுது சாய ஏழு நிமிஷம் தாமதம். ஒன்றுகூட மிரளவில்லை.